திருகோணமலை அலஸ்தோட்டத்து மொட்டை மாடியில் 'வான்காட்சி': ஆளுக்கு 2,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். விடுதி வாசலில் "தொலைதூரக் கோள்களைப் பாருங்கள்" என்று பலகை போட்டிருக்கிறார்கள். மகளும் நானும் ஆளுக்கு 2,000 ரூபாய் கட்டி மேலே ஏறினால் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் அப்படிக் கோள் ஒன்றும் தெரியவில்லை, காட்டவும் முடியாது. போதாக்குறைக்கு நுளம்பு, பக்கத்துக் கட்டடத்தின் லைட், கடலில் மீன்பிடிப் படகுகளின் வெளிச்சம்.

ஆனால் காட்டின தம்பி, சும்மா சொல்லக்கூடாது, திறமான ஆள்.

ஜூலைக் கடைசி, நிலா இல்லாத இரவு. ஒன்பதரை போல தெற்கே தனுசு அரைவாசி உயரத்துக்கும் கொஞ்சம் மேலே நின்றது, அதன் நட்சத்திரங்களைக் கோடு போட்டு இணைத்தால் அச்சொட்டாக ஒரு கேத்தல். "அந்தக் கேத்தல் மூக்குப் பக்கம்தான் அண்ணா பால்வீதியின் நடு, கோள் பிடிக்கிறவர்கள் இரவிரவாகப் பார்க்கிறது அந்த இடத்தைத்தான்" என்றார். பிறகு தண்டு உடைந்த வைன் கிளாஸின் அடித்தட்டை எடுத்து மகளின் கண்ணுக்கு முன்னால் பிடித்து, மாடியின் மறு மூலையில் எரிந்த போன் டோர்ச்சைப் பார்க்கச் சொன்னார். தட்டை மெல்ல நகர்த்த, வெளிச்சம் இரண்டாக இழுபட்டு, நேர் நடுவுக்கு வந்ததும் வளையமாகிவிட்டது. மகள் கத்தியே விட்டாள்.

விஷயம் இதுதான்: அந்தக் கண்ணாடி செய்ததை வானத்தில் ஈர்ப்பு செய்கிறது, அதை வைத்துத்தான் கோள் பிடிக்கிறார்கள், ஈர்ப்பு நுண்வில்லை என்று பேர். தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்கு முன்னால் இன்னொரு நட்சத்திரம் கடக்கும்போது அதன் ஈர்ப்பு அந்த ஒளியை வளைத்துக் குவிக்கிறது, சில வாரம் பிரகாசம் ஏறி இறங்குகிறது. கடக்கிற நட்சத்திரத்துக்குக் கோள் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தில் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள், சின்னதாக ஒரு துள்ளல் வரும். அவ்வளவுதான், அதே இரண்டும் திரும்ப நேர்கோட்டில் வராது. பிரகாசிக்கிறது பின்னால் இருப்பது, கோள் முன்னால் இருப்பதனுடையது, இது எனக்கு இரண்டாம் தரம் சொல்லித்தான் விளங்கியது.

1936இல் இதைக் கணக்குப் போட்ட ஐன்ஸ்டீனே, பார்க்கப் பெரிதாக வாய்ப்பில்லை என்றுதான் எழுதினார். பத்து லட்சம் நட்சத்திரத்தில் ஏதோ ஒன்றுக்குத்தான் ஒரு நேரத்தில் இது நடக்கும், அதனால் கோடிக்கணக்கில் பார்க்கவேண்டும். போலந்துக்காரர்களின் ஓகிள் குழு 1992இல் தொடங்கியது, வார்சோவில் இந்தக் கேத்தல் அடிவானத்தை விட்டு அவ்வளவாக எழும்பாது என்பதால் தொலைநோக்கியைச் சிலியில் வைத்திருக்கிறார்கள், அங்கே அது நேரே தலைக்கு மேலே போகும். நியூசிலாந்தில் இருந்து பார்க்கிற, ஜப்பானும் நியூசிலாந்தும் சேர்ந்த மோவா குழுவும் சேர்ந்து 2003இல் பிடித்ததுதான் இந்த வழியில் உறுதியான முதல் கோள். 2006இல் அறிவித்த இன்னொன்று பூமியைப்போல ஐந்தரை மடங்கு எடை, கிட்டத்தட்ட 20,000 ஒளியாண்டு தூரம். அதை யாரும் கண்ணால் கண்டதில்லை. பலகை எழுதினவருக்கு இதை யாராவது சொல்லலாம்.

தொலைநோக்கி எட்டு அங்குலம். லகூன் நெபுலா என்ற வாயு மேகம் புகைபோலத் தெரிந்தது, எம்22 என்ற நட்சத்திரக் கொத்து சீனி கொட்டியதுபோல. வெறுந்தேத்தண்ணி இலவசம், இனிப்புக் கூட.

ஐந்துக்கு மூன்றரை, அதில் மூன்று தம்பிக்கு. போகிறவர்கள் அமாவாசையை ஒட்டிப் போங்கள், நீளக்கைச் சட்டை போடுங்கள். ஒக்டோபருக்குப் பிறகு இங்கே மழை, கேத்தலும் பொழுதோடு இறங்கிவிடும், காசைக் கட்டாதீர்கள்.