2.9 சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள்: வெளிநாட்டுக்கு விற்கும் சின்னக் கடைக்கு ஸ்ட்ரைப், பேபால், பேடில்

கையால் தைத்த குறிப்பேடுகளும், தரவிறக்கி அச்செடுத்துக்கொள்ளும் திட்டமிடல் தாள்களும் விற்கும் சின்ன ஆன்லைன் கடை என்னுடையது. வாங்குபவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பார்சலில் போகும் பொருள், கோப்பாகப் போகும் பொருள் என இரண்டும் இருப்பதால், ஸ்ட்ரைப், பேபால் போல வாடிக்கையாளரிடமிருந்து பணம் வாங்கித் தரும் சேவைகள் பலவற்றோடும் ஏதாவது ஒரு கட்டத்தில் மல்லுக்கட்ட வேண்டியதாகிவிட்டது. "எதுப்பா மலிவு?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, ஒரு தகராறு வந்தால் உங்கள் பணம் யார் கையில் மாட்டியிருக்கும், எவ்வளவு நாள் மாட்டியிருக்கும் என்பதை. அதற்குப் பதில் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் சதவீதக் கணக்கில் பெரிதாக ஒன்றும் இழக்க மாட்டீர்கள்.

சரி, சதவீதத்தையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் முகப்பில் போட்டிருக்கும் எண் வேறு, கையில் வரும் எண் வேறு. ஸ்ட்ரைப்பில் அமெரிக்கக் கணக்குக்கு அறிவித்திருக்கும் கட்டணம் 2.9 சதவீதமும் 30 சென்ட்டும். 40 டாலர் ஆர்டருக்கு 1.46 டாலர், தாங்கலாம். வாங்குபவர் வெளிநாட்டுக் கார்டு வைத்திருந்தால் அதற்கு மேல் 1.5 சதவீதம், நாணயம் மாற்ற வேண்டியிருந்தால் இன்னும் 1 சதவீதம், ஆக அந்த 40 டாலரில் 2.46 போய்விடுகிறது. 6 சதவீதத்தைத் தாண்டிவிட்டது பாருங்கள். வெளிநாட்டுக்கே விற்கும் கடைக்கு இந்தக் கூடுதல் கட்டணம்தான் அன்றாடக் கட்டணம். அதே கணக்கை 8 டாலர் கோப்புக்குப் போட்டால் 73 சென்ட், அதாவது 9 சதவீதம். சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். அந்த 30 சென்ட் செய்கிற வேலை இது. சின்ன விலைப் பொருள்களைத் தொகுப்பாகக் கட்டி விற்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

பேபாலில் இது இன்னும் கூடுதல். அமெரிக்காவில் அதன் சொந்தப் பொத்தான் வழியாக வரும் பணத்துக்கு 3.49 சதவீதமும் 49 சென்ட்டும், வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் அதற்கு மேல் 1.5. நாணய மாற்றில் அவர்கள் எடுத்துக்கொள்வது தனி, அது 3 அல்லது 4 சதவீதம் என்பதால் சின்ன விஷயமில்லை, அதுவும் மாற்று விகிதத்துக்குள்ளேயே கலந்து வருவதால் ரசீதில் தனி வரியாகக் கண்ணில் படாது. இவ்வளவும் தெரிந்தேதான் பேபால் பொத்தானை வைத்திருக்கிறேன். பெயர் தெரியாத கடையில் கார்டு எண்ணைத் தட்ட யோசிக்கிறவர்கள் நிறையப் பேர், அவர்கள் கண்ணில் அந்த நீலப் பொத்தான் பட்டால் போதும், வாங்கிவிடுகிறார்கள். 1999 முதல் இருக்கும் பெயருக்கு உள்ள மரியாதை அது. எனக்கு வராமலே போயிருக்கக்கூடிய ஆர்டருக்கு 5 சதவீதம் கொடுப்பதில் வருத்தமில்லை.

வருத்தம் வருவது பொருள் திரும்பி வரும்போது. வாடிக்கையாளருக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தாலும், முதலில் பிடித்த கட்டணத்தை ஸ்ட்ரைப்பும் தருவதில்லை, பேபாலும் தருவதில்லை. ஸ்ட்ரைப்பில் 40 டாலர் ஆர்டர் ரத்தானால் 1.46 முதல் 2.46 வரை உங்கள் பையிலிருந்துதான். அளவு மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்று அடிக்கடித் திரும்பி வரும் பொருள், உதாரணமாகத் துணி விற்கிறவர்கள், இதை விலையில் சேர்க்காமல் இருக்கவே கூடாது.

சார்ஜ்பேக் அதற்கும் அடுத்த கட்டம். வாடிக்கையாளர் உங்களிடம் வராமல் நேரே தன் வங்கியிடம் போய் "இந்தச் செலவு என்னுடையது இல்லை" என்றோ "பொருள் வரவில்லை" என்றோ சொல்லிவிடுவார். உடனே பணம் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும், ஸ்ட்ரைப்பின் அமெரிக்கக் கணக்கில் அதற்குக் கட்டணமாக 15 டாலரும் போகும், பிறகுதான் உங்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்பார்கள். 8 டாலர் கோப்புக்கு 15 டாலர் தண்டம்! அந்த விலைக்குப் போராடுவதில் அர்த்தமே இல்லை, மிரட்டல் தொனியில் மின்னஞ்சல் வந்தால் நான் பேசாமல் ரீஃபண்ட் கொடுத்துவிடுகிறேன்.

இவற்றில் ஒரு பகுதி ஏமாற்றுக்காரர்களிடமிருந்து வருவதும் இல்லை. கார்டு அறிக்கையில் கடையின் பெயருக்குப் பதில் தொழில் பதிவுப் பெயர் நிற்கும், வாடிக்கையாளர் பொருள் வாங்கிச் சில வாரம் கழித்து அறிக்கையைப் பார்க்கும்போது "இது யார்?" என்று குழம்பி வங்கிக்குப் போன் போட்டுவிடுவார். ஸ்ட்ரைப்பில் இந்தப் பெயரை நாமே மாற்றிக்கொள்ளலாம், 22 எழுத்துக்குள் அடங்க வேண்டும். கடைப் பெயரை அப்படியே போடுங்கள், சுருக்கினாலும் வாங்கியவருக்கு அடையாளம் தெரிகிற மாதிரிச் சுருக்குங்கள். கணக்குத் திறந்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்பேன், லோகோ ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். விற்பவருக்கான பாதுகாப்பு என்று ஒன்று உண்டு, நல்லதுதான், ஆனால் அது கிடைக்கப் பேபால் பரிவர்த்தனையில் காட்டியிருக்கும் முகவரிக்கே பார்சல் போயிருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். "நான் வீடு மாறிவிட்டேன், இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று ஆர்டர் கொடுத்தபின் எழுதுகிறவர்களிடம் கவனம். பணத்தைத் திருப்பிவிட்டு, புதிய முகவரியோடு மறுபடி ஆர்டர் போடச் சொல்லிவிடுவேன். கட்டணம் இரண்டு தரம் போகும், போகட்டும்.

இனி பணம் மாட்டிக்கொள்ளும் கதை. இந்தச் சேவைகளில் கணக்குத் திறப்பது சுலபம், சில நிமிட வேலை, வங்கியில் நேரடியாக வணிகக் கணக்குக் கேட்டால் ஆகும் அலைச்சல் எதுவும் கிடையாது. காரணம், அவர்கள் தங்கள் பெரிய கணக்கின் கீழ் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்கள், சோதனையை வாசலில் செய்யாமல் உள்ளே விட்ட பிறகு செய்கிறார்கள். அந்தச் சோதனை எப்போது வரும்? விற்பனை திடீரென்று ஏறும்போது. பண்டிகைக் காலத்தில் ஆர்டர் குவிந்த சமயம், நான் வைத்திருந்த ஒரு சேவை (பெயர் வேண்டாம்) பணத்தை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டு, மூலப்பொருள் வாங்கிய ரசீது, அனுப்பிய பார்சல்களின் கண்காணிப்பு எண்கள், முகவரிச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. ஒன்றைக் கொடுத்தால் அடுத்ததைக் கேட்பார்கள், நடுவில் என் மின்னஞ்சல்களுக்குக் கிணற்றில் போட்ட கல் மாதிரி சத்தமே இல்லை. வாடிக்கையாளர்களுக்கோ பொருள் போயாக வேண்டும், தாளும் நூலும் அஞ்சல் செலவும் என் கையிலிருந்து. கடைசியில் பணம் முழுதாக வந்தது என்பது உண்மை. அன்றிலிருந்து சேர்ந்த பணத்தை எந்தச் சேவையிலும் தங்க விடுவதில்லை, தானாக வங்கிக்குப் போகும்படி அமைத்துவிடுகிறேன், ரசீதுகளை ஒரே கோப்புறையில் தயாராக வைத்திருக்கிறேன். செக் அவுட்டில் (பணம் கட்டும் பக்கத்தில்) எப்போதும் இரண்டு சேவைகள் இருக்கும், ஒன்று நின்றாலும் கடை நிற்கக் கூடாது.

கோப்பு மட்டும் விற்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: பேடில் போன்ற சேவைகள். இவர்கள் வெறுமனே பணம் வாங்கித் தருவதில்லை, சட்டப்படி விற்பவரே அவர்கள்தான், நாம் அவர்களுக்குப் பொருள் கொடுப்பவர். இதனால் என்ன லாபம் என்றால், வரி அவர்கள் தலையில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அங்குள்ள தனிநபர்களுக்கு டிஜிட்டல் பொருள் விற்றால் முதல் விற்பனையிலிருந்தே மதிப்புக் கூட்டு வரி உண்டு. 10,000 யூரோ வரையிலான சலுகையெல்லாம் ஒன்றியத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான். அமெரிக்காவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, கடையோ கிடங்கோ அங்கே இல்லாத விற்பனையாளரிடமும் மாநிலங்கள் விற்பனை வரி கேட்கலாம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வரம்பு. இதையெல்லாம் தனியாள் பார்ப்பதென்றால் தலை சுற்றும். பேடிலின் கட்டணம் 5 சதவீதமும் 50 சென்ட்டும். 8 டாலருக்கு 90 சென்ட் என்பது கொள்ளை மாதிரித் தெரியும், ஆனால் ஸ்ட்ரைப்பின் 73 சென்ட்டோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 17 சென்ட், அதற்குள் வரித் தலைவலி மொத்தமும் அடக்கம். பார்சலில் போகும் பொருளை இவர்கள் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் போன்றவர்களுக்குச் சிக்கல். இதே வகையான லெமன் ஸ்க்வீஸியை 2024-இல் ஸ்ட்ரைப்பே வாங்கிவிட்டது, ஆகவே இந்தப் பக்கம் காற்று எங்கே அடிக்கிறது என்று புரிகிறது.

ஆடியென் என்ற இன்னொரு பணச் சேவை பற்றிச் சிலர் கேட்டார்கள். அருமையான நிறுவனம், பெரிய கடைகளுக்கு. அங்கே போக வேண்டிய அளவு வியாபாரம் வந்துவிட்டால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஆன்லைன் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபையில் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அவர்களுடைய சொந்தப் பணச் சேவை உங்கள் நாட்டில் இல்லை என்றால், வெளிச் சேவைக்குக் கொடுப்பதற்கு மேல் ஷாப்பிஃபைக்கும் பேசிக் (Basic) திட்டத்தில் 2 சதவீதம் போகும்.

நாடு என்றதும் இன்னொன்று. ஸ்ட்ரைப்பில் கணக்குத் திறக்க முடிகிற நாடுகள் 40-க்குச் சற்று மேல்தான், பேபாலில் பணம் அனுப்ப முடிகிற எல்லா நாட்டிலும் பணம் வாங்க முடியாது. முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள், பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும். வாங்குபவரின் நாடும் முக்கியம். நெதர்லாந்துக்காரர்கள் ஐடீல் வழியாக வங்கியிலிருந்தே கட்டிப் பழகியவர்கள், போலந்தில் பிளிக், பெல்ஜியத்தில் பான்கான்டாக்ட், பிரேசிலில் 2020-இல் வந்த பிக்ஸ். செக் அவுட்டில் கார்டு மட்டும் இருந்தால் இவர்களில் பலர் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். ஐடீலில் கார்டு மாதிரி சார்ஜ்பேக் கிடையாது என்பது நமக்குக் கூடுதல் நிம்மதி. ஸ்ட்ரைப், ஐரோப்பியப் பணச் சேவையான மோலி இரண்டிலும் ஐடீலும் பான்கான்டாக்ட்டும் பிளிக்கும் கிடைக்கும். ஐரோப்பாவில் இருந்து அங்கேயே விற்கும் கடை என்றால் நான் மோலியைத்தான் முதலில் பார்ப்பேன்.

மலிவான கோப்பு விற்கும் கடைகளுக்கு வரும் ஒரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். திருடிய கார்டு எண்கள் வேலை செய்கின்றனவா என்று சோதிக்க, 1 டாலர், 2 டாலர் பொருள்களைத் தேடி நிரல்கள் வரும். டாஷ்போர்டைத் திறந்தால் ஒரே மாதிரியான போலி மின்னஞ்சல்களோடு தோல்வியடைந்த முயற்சிகள் திரை முழுக்க வரிசையாக நிற்கும், நடுவில் ஒன்றிரண்டு வெற்றியும் இருக்கும். அந்த வெற்றிதான் ஆபத்து, நாளை சார்ஜ்பேக்காகத் திரும்பி வரும், அன்றே ரீஃபண்ட் செய்துவிட வேண்டும். செக் அவுட்டில் கேப்ச்சா (வருவது மனிதரா நிரலா என்று பார்க்கும் சோதனை) வைக்கலாம், 3டி செக்யூர் (கார்டு கொடுத்த வங்கி வாங்குபவரிடம் நேரடியாக உறுதி கேட்கும் படி) கட்டாயம் என்று விதி போடலாம். 3டி செக்யூரில் உறுதி செய்யப்பட்ட கட்டணத்தில் "நான் வாங்கவில்லை" என்ற புகார் வந்தால் நட்டம் பெரும்பாலும் வங்கியின் பக்கம் போய்விடும். ஐரோப்பாவில் சட்டமே கேட்பதால் அங்குள்ளவர்களுக்கு இந்தக் கூடுதல் படி பழகிவிட்டது, மற்ற இடங்களில் கொஞ்சம் பேர் முகம் சுளித்து வெளியேறுவார்கள்.

சொந்தமாக நிரல் எழுதிச் சேர்ப்பவர்களுக்கு: ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை அலகு கிடையாது. டாலருக்குச் சென்ட்டில் அனுப்புகிற பழக்கத்தில் 500 யென்னை 50000 என்று அனுப்பினால் ஸ்ட்ரைப் 50000 யென்னையே எடுக்கும்.

இப்போது என் கடையில் கார்டுகளுக்கும் உள்ளூர் வழிகளுக்கும் ஸ்ட்ரைப், பக்கத்தில் பேபால். கோப்புகளைத் தனியாகப் பிரித்துப் பேடிலுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். யூரோவில் வரும் பணத்தை யூரோவாகவே இறக்கிக்கொள்ள, பல நாணயங்களில் பணம் வைத்திருக்க உதவும் வைஸ் கணக்கு ஒன்று. இந்த வசதி எல்லா நாட்டுக் கணக்குக்கும் ஒரே மாதிரி இருக்காது, சில இடங்களில் வேறு நாணயத்தில் இறக்கத் தனிக் கட்டணமும் உண்டு, ஆகவே ஒரு பணச் சேவையில் சேருவதற்கு முன் அதன் உதவி மையத்துக்கு இதையே கேள்வியாக அனுப்பிப் பாருங்கள். பதில் எத்தனை நாளில் வருகிறது, ஆள் எழுதியதா இல்லை ஒட்டிய பதிலா என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். பணம் மாட்டிக்கொண்டால் இதே ஆட்களோடுதான் பேசியாக வேண்டும்.