தெருவுக்கு அடியில் வெந்நீர்க் குழாயா, வீட்டுக்கு ஒரு ஹீட் பம்ப்பா?

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கக் கேஸ் பாய்லர் நல்லதா, வெளியே உள்ள சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் ஹீட் பம்ப் நல்லதா என்று வாதாடுகிறவர்கள் டென்மார்க்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு வீடுகளுக்குச் சூடு வருவது தெருவுக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயிலிருந்து. கோபன்ஹேகனில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டடங்களுக்கும் அதுதான். பல பத்தாண்டுகளாக அந்த வெந்நீரைப் பெரும்பாலும் கொடுத்தவை மின் நிலையங்கள்.

பழைய அனல் மின் நிலையம் 100 பங்கு எரிபொருளில் 40 பங்கை மின்சாரமாக்கினாலே பெரிது, மிச்சம் கடலுக்கோ கூலிங் டவருக்கோ போய்விடும். அந்த மிச்சச் சூட்டை ஊருக்குள் அனுப்பினால் மொத்தப் பயன் 80, 90 சதவீதத்தைத் தொடுகிறது. நம் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து ஆலைக்கு நீராவியும் கிரிட்டுக்கு மின்சாரமும் எடுக்கிறதே, அதே இணை உற்பத்திதான்.

கேஸ் பாய்லரும் 90 சதவீதம் கொடுக்கும் என்பார்கள். சரி, ஆனால் அத்தனையும் வெறும் சூடு, ஒரு யூனிட் மின்சாரம்கூட வராது. வாங்கும்போது மலிவு என்பதைத் தவிர அதன் பக்கம் பேச எனக்கு எதுவும் இல்லை.

உண்மையான போட்டி ஹீட் பம்ப்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். நீராவி டர்பைன் வைத்த இணை உற்பத்தி நிலையத்தில், வெந்நீருக்காக ஒரு யூனிட் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தால் ஐந்து, ஆறு யூனிட் சூடு கிடைக்கும். காகிதத்தில் இணை உற்பத்திதான் ஜெயிக்கிறது, ஆனால் குழாயில் வரும் வழியிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடலாம், வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் இன்னும் அதிகம். அதனால் அடுக்குமாடிகள் நெருங்கிய இடத்துக்குக் குழாய், தோட்டத்தோடு இருக்கும் தனி வீடுகளுக்கு ஹீட் பம்ப் என்பேன்.

காற்றாலை மின்சாரம் பெருகி விலை சரியும் நாட்களில் இணை உற்பத்தி நிலையத்தை ஓட்டுவது கட்டுப்படியாகாது. அதற்காகத்தான் பெரிய வெந்நீர்த் தொட்டிகள் கட்டி, விலை ஏறும்போது ஓட்டிச் சூட்டைச் சேமித்துக்கொள்கிறார்கள். அப்புறம், நிலையமே மூடினாலும் குழாய் வீணாகாது. டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரம் நிலக்கரி இணை உற்பத்தி நிலையத்தை விட்டுவிட்டு, கடல்நீரிலிருந்து சூடு எடுக்கும் ராட்சத ஹீட் பம்ப்புகளுக்கு மாறியது, வீட்டுக்கு வரும் குழாயில் மாற்றமில்லை. லண்டன் பிம்லிகோவில் 1950 முதல் பேட்டர்சி மின் நிலையத்தின் சூடு தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் வந்தது. 1983இல் நிலையம் மூடிய பிறகும் வேறு இயந்திரங்களை வைத்து அந்த ஏற்பாடு ஆயிரக்கணக்கான வீடுகளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது.

எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. குழாயில் சேர்ந்தபின் விலை பிடிக்கவில்லை என்று வேறு கம்பெனிக்கு மாற வழியில்லை. டென்மார்க்கில் வெப்பக் கம்பெனி அவசியமான செலவை மட்டுமே வசூலிக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, பல ஊர்களில் கம்பெனியே வீட்டுக்காரர்களின் கூட்டுறவு. அந்தக் காப்பு இல்லாத ஊரில், எரிபொருள் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் ஹீட் பம்ப்பையே வாங்கச் சொல்வேன்.