மூணு ஸ்டார், அந்தப் பச்சைப் பெட்டிக்காக ரெண்டு கட்

பிரான்ஸோட ரியூனியன் தீவுல, சேன் தெனி ஊர்ல நாங்க வாராவாரம் போற சூப்பர்மார்க்கெட் இது, பேரு வேணாம். முருங்கைக்கா ஃப்ரெஷ்ஷு, பார்க்கிங் ஓகே. இத எழுதுறதே வாசல்ல மாட்டிருக்கிற டிஃபிப்ரிலேட்டர் பெட்டிக்காகத்தான், அதாவது இதயம் நின்னவங்களுக்கு ஷாக் குடுக்குற மெஷினு.

அப்பா பில் போட நின்னப்போ சும்மா எட்டிப் பாத்தேன், நெஞ்சுல ஒட்டுற பேட் கவர்ல எக்ஸ்பைரி தாண்டி ஏழு மாசம், ரெடின்னு காட்டுற பச்சை லைட்டும் எரியல. கேஷியர்கிட்ட சொன்னா மேனேஜர் வரட்டும்ங்கறாங்க, மேனேஜர் லீவாம், சரிதான்!

இதயம் நின்னு ஒருத்தர் விழுந்தா, யாரும் நெஞ்ச அமுக்காம நின்னா நிமிஷத்துக்கு 7லேந்து 10 சதவீதம் பிழைக்கிற வாய்ப்பு போயிட்டே இருக்கும், 15க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ் நம்ம ஊரு டிராஃபிக்க தாண்டி வரணும்ல. அதுக்குத்தான் இந்த மெஷினு. பிரான்ஸ் சட்டப்படி 2007லேந்து யார் வேணா எடுத்து யூஸ் பண்ணலாம், டாக்டரா இருக்கணும்னு இல்ல. ஆன் பண்ணா அதுவே பேசும், ஒரு பேட் வலது காரை எலும்புக்குக் கீழ, இன்னொண்ணு இடது அக்குளுக்குக் கீழ விலாவுல, சட்டைக்கு மேல இல்ல, வெறும் தோல்ல. ஷாக் தேவையில்லன்னு அது முடிவு பண்ணிட்டா நீங்க பட்டன எவ்ளோ அமுக்கினாலும் குடுக்காது, அதனால பயப்படாதீங்க. ஆனா பேட் காஞ்சு போயிருந்தா ஒட்டாதே!

ஒருத்தரு வேலைய உருப்படியா பண்ணிருக்காங்க, பெட்டிக்குப் பூட்டு போடல. பேட்டும் பேட்டரியும் மாத்தட்டும், மீதி ரெண்டு ஸ்டாரையும் போடுறேன்.