லங்காவியில் கமாட் கேப்சூல் வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

லங்காவிக்கு டூர் பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கழுகுச் சிலையைப் பார்த்த கையோடு பஸ்ஸைக் கொண்டுபோய் ஒரு கமாட் கடை (கமாட் என்றால் கடல் அட்டை, அதில் செய்த மருந்து விற்கும் கடை) வாசலில் நிறுத்தினார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் கடல் அட்டை, சுவர் முழுக்க ஆய்வுக் கட்டுரைகளின் ஜெராக்ஸ், தமிழிலேயே பேச ஒரு ஆள்.

“ஆன்ட்டி, மூணு மாசம் சாப்பிடுங்க. முட்டி வலி, சுகர், கேன்சர் கட்டி எல்லாம் ஓடிப்போயிரும்” என்றார் அம்மாவிடம். அம்மா வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார் என்று நான் சொன்னேன். “பரவால்ல தம்பி, இது இயற்கைதானே!” ஆறு டப்பா, 480 ரிங்கிட். அம்மா பர்ஸைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கிளினிக் மருந்தாளரிடம் டப்பாவைக் காட்டினேன். ஒரு கேப்சூல்கூடத் தொடக் கூடாது என்றார். கடல் அட்டையின் உடற்சுவரில் ஃபியூகோசைலேட்டட் காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்று ஒன்று இருக்கிறது. ஹெபாரின் என்ற மருந்து மாதிரி இரத்தம் உறைவதைத் தடுக்கக்கூடியது. வார்ஃபரின் கொடுப்பதும் இரத்தம் உறையாமல் இருக்கத்தான். இரண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள் இரத்தக்கசிவு வருமோ என்றுதான் அவர் பயந்தார். இயற்கையாம்! இதே அட்டையின் தோலில் இருக்கும் சபோனின், மீனைக் கொல்லும் விஷம்.

கேன்சர் கதைக்கு வருகிறேன். சுவரில் ஒட்டியிருந்ததை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். ஃப்ராண்டோசைடு ஏ என்ற பொருள் எலிகளில் கட்டி வளர்வதைக் குறைத்தது என்கிறது கட்டுரை. அது உண்மைதான். ஆனால் அதை எடுத்தது வட அட்லாண்டிக் குளிர்க்கடலில் வாழும் வேறொரு இனத்திலிருந்து. லங்காவி கமாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும், மலேசியாவில் மருந்துகளுக்குத் தரும் பதிவு எண் இருந்தது. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் அதைத் தட்டினால், வேறொரு கம்பெனியின் தேய்க்கும் எண்ணெய் வருகிறது! கடையிலேயே போனை எடுத்து இதைப் பார்த்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. எண் சரியாக இருந்தாலும் சுகர், கேன்சர் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம்.

கடைக்குப் போன் செய்தேன். “சீல் உடைக்கலேன்னாலும் திருப்பி எடுக்க மாட்டோம்” என்று வைத்துவிட்டார்கள். டூர் கைடு என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார், கமிஷன் போய்விடும் போல. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு போட்டிருக்கிறேன், மருந்தக அமலாக்கப் பிரிவிலும் புகார் கொடுத்தாயிற்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இப்படி வாங்கியிருந்தால் ரசீதையும் டப்பாவையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புகாருக்கு இரண்டையும் கேட்கிறார்கள்.