சித்தன்னவாசலா, நார்த்தாமலையா?

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காலைப் பொழுதுதான் கையில் இருக்கிறது, எந்தக் குடைவரைக்கு (பாறையைக் குடைந்த கோயிலுக்கு) போகலாம் என்பவர்களுக்கு.

பார்க்க:
சித்தன்னவாசல் – சமணரின் அறிவர் கோயில். விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிப்பவர்கள். சாயம் நிறையவே உதிர்ந்துவிட்டது, இருப்பதே போதும்.
நார்த்தாமலை – மேலமலையில் இரண்டு குடைவரைகள். ஒன்று சிவனுக்கு. மற்றது சமணரிடமிருந்து பெருமாளுக்கு மாறியது. உள்ளே 12 திருமால் உருவங்கள், ஏறக்குறைய ஒரே அச்சு. எதிரே விஜயாலய சோழீச்சரம். கட்டிய கோயில்தான், ஆனால் கருவறை வட்டம்!

நடை:
அறிவர் கோயிலுக்குச் சில படிகள்தான். அதே குன்றில், சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டம் என்ற குகைக்குத் தனியாக ஏறவேண்டும்.
நார்த்தாமலை வெறும் பாறை, நிழல் கிடையாது.

வயதானவர்களோடு வந்தால், ஓவியம் பிடித்தால், சித்தன்னவாசல். கால் வலுவும் விடியற்காலையில் எழும் பழக்கமும் இருந்தால் நார்த்தாமலை. என் ஓட்டு அதற்கே.