பழைய வீட்டுக் குளியலறைக்கு எஸ்.எஸ். கைப்பிடிக் கம்பி: கம்பி நல்லது, கூட வரும் திருகு ஆகாது

வயதான அம்மாவோ அப்பாவோ இருக்கும் பழைய வீட்டைப் பிள்ளைகள் சேர்ந்து சீர்படுத்தும்போது, குளியலறைக் கைப்பிடிக் கம்பிக்குத்தான் செலவு குறைவு. ஹார்டுவேர் கடையிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஆனால் தவறாக மாட்டினால் வீட்டிலேயே ஆபத்தான பொருளும் இதுதான். கம்பி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பெரியவர்கள் முழு எடையையும் அதன்மேல் போடுவார்கள்.

முதலில் கம்பி. 32 மி.மீ. கனமுள்ள, மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பான, 304 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) நன்றாக இருக்கிறது, சோப்புக் கையிலும் பிடி நழுவுவதில்லை. பளபளவென்று பாலிஷ் போட்டதை வாங்க வேண்டாம். சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 38 முதல் 40 மி.மீ. இடைவெளி போதும். அதற்கு மேல் போனால், சறுக்கும்போது முழங்கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. போர்வெல் உப்புத் தண்ணீரும் கழிப்பறை ஆசிடும் படும் இடத்தில் 202 சீக்கிரம் துருப்பிடிக்கும். அதுவும் ஃபிளாஞ்ச் (கம்பியின் முனையில் சுவரோடு பொருத்தும் தகடு) மூடிக்குள், கண்ணில் படாத இடத்தில்.

குறை இருப்பது பெட்டியோடு வரும் திருகில். பல பெட்டிகளில் 35 அல்லது 40 மி.மீ. நீளம்தான் இருக்கும். கணக்குப் போடுங்கள்: டைல்ஸ் 8, ஒட்டும் கலவை 5, பூச்சு 15; மொத்தம் 28 மி.மீ. இதிலேயே போய்விடுகிறது. செங்கல்லுக்குள் இறங்குவது ஒரு சென்டிமீட்டர். கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரையில் மெல்லிய செங்கல் வைத்துக் கட்டியிருப்பார்கள். இணைப்பில் டிரில் பட்டால் காரை மாவாகக் கொட்டும், ராவல் பிளக் (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் உறை) பிடிக்காது. கொல்லைப்புறக் குளியலறை பின்னாளில் கட்டியதாக இருந்தால் சுவர் நாலரை இஞ்சுதான். டிரில்லை ஹேமர் மோடில் (குத்தித் துளைக்கும் முறை) வைத்தால், அந்த அடியில் மறுபக்கம் பெயர்ந்து விழும்.

எனவே பெட்டித் திருகை ஒதுக்கிவிட்டு, 5 மி.மீ. கனம், 75 மி.மீ. நீளமுள்ள எஸ்.எஸ். திருகும் 8 மி.மீ. பிளக்கும் தனியாக வாங்குங்கள். ஃபிளாஞ்சுக்கு மூன்று துளை, மூன்றிலும் திருகு. டைல்ஸைத் தாண்டும்வரை ஹேமர் மோடு வேண்டாம். குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. சிவப்புத் தூள் வந்தால் செங்கல், வெள்ளையாகக் கொட்டினால் காரை. காரை வந்தால் அந்தத் துளையில் பிளக்கை நம்பாதீர்கள். துளையைப் பெரிதாக்கி, தூசியை ஊதி எடுத்து, வலைக்குழாய் செருகி, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் கெட்டியாகும் பசை) நிரப்பி, ஃபிளாஞ்ச் துளைக்குள் நுழையும் ஸ்டட்டை (மரை போட்ட தண்டு) நிறுத்த வேண்டும். நாலரை இஞ்சுச் சுவராக இருந்தால் அதுவும் வேண்டாம். சுவரின் மறுபக்கம் வரை ஊடுருவும் போல்ட் போட்டு, வெளிப்பக்கம் 6 மி.மீ. தகடு வைத்து முடுக்குவதே சரி. கடைசியில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் சிலிக்கோன் பசை. இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கிக் காரை ஊறும்.

பல குடும்பங்களில் பிழை தொடங்குவது செலவைப் பிரிக்கும் இடத்தில். அண்ணன் டைல்ஸ், அக்கா பிளம்பிங், வெளிநாட்டுத் தம்பி கம்பி என்று பிரித்துக்கொண்டால், டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகுதான் கம்பி வந்து சேரும். கம்பியின் இடம் டைல்ஸுக்கு முன்பே முடிவாக வேண்டும். அப்போதுதான் ஃபிளாஞ்ச் வரும் இடத்தில் காரையைக் குடைந்து, ஆறு இஞ்சுச் சதுரம், நாலு இஞ்சு ஆழத்துக்கு 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் நிரப்பி, ஏழு நாள் தண்ணீர் விட முடியும். இந்த ஒரு வேலை செய்திருந்தால் மேலே சொன்ன ஆங்கர் பாடு எதுவும் இல்லை. ஆன்லைனில் ஆர்டர் செய்கிறவர் 'நீளம்' என்று போட்டிருப்பது மொத்த நீளமா, திருகு மையத்திலிருந்து மையமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

உயரத்தைக் கொத்தனார் சொல்லக் கூடாது. ஊரில் இருக்கும் பிள்ளை அம்மாவைக் கழிப்பறை இருக்கையில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொல்லி, கை தானாகப் போகும் இடத்தைக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கைக்கு மேல் எட்டிலிருந்து பத்து இஞ்சு வரும். எல் வடிவக் கம்பியே எங்கள் முதல் தேர்வு: படுக்கைப் பகுதி ஊன்றி எழ, நிற்கும் பகுதி பிடித்து நிமிர. நிற்கும் பகுதி இருக்கையின் முன் விளிம்பைத் தாண்டி ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

வெற்றிடக் கப் வைத்து ஒட்டும் கம்பியை, துளை போட வேண்டாமே என்பதற்காக வாங்கவே வாங்காதீர்கள். டைல்ஸ் இணைப்பில் காற்று புகுந்து, சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும். துண்டு போடும் ராடும் அப்படித்தான். அம்மாவின் கை எட்டும் தூரத்தில் அது இருக்கவே கூடாது.

மாட்டிய பிறகு, கெமிக்கல் ஆங்கர் போட்டிருந்தால் ஒரு நாள் விட்டு, பிள்ளைகளில் எடை கூடியவர் கம்பியில் முழு எடையையும் போட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிமுறை கேட்பது 250 பவுண்டு, ஏறக்குறைய 113 கிலோ. ஃபிளாஞ்ச் இம்மி அசைந்தாலும், துளையருகே டைல்ஸில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அன்றே கழற்றிவிட்டு, வேறு செங்கல்லில் போடுங்கள்.