60,000 யூனிட் வைட்டமின் டி: அறுபது தாண்டிய ஆண்களுக்கு எப்படி?

மெடிக்கல் ஷாப்பில் வைட்டமின் டி3 60,000 யூனிட் பெரும்பாலும் இரண்டு வடிவில் கிடைக்கிறது: பாலில் கலக்கும் 1 கிராம் பாக்கெட், எண்ணெய் அடைத்த கேப்ஸ்யூல். பாக்கெட்டில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்திருக்கும். சுகர் உள்ளவர்களுக்குக் கேப்ஸ்யூல்தான் தேவலை. வெறும் வயிற்றில் வேண்டாம். எண்ணெயோ நெய்யோ உள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

பெரிய குறை கேப்ஸ்யூல் வரும் அட்டையில்தான். வாரம் ஒன்று, வழக்கமாக 8 வாரம் என்பதே கணக்கு. ஆனால் அட்டையைப் பார்க்க என்னவோ தினசரி மாத்திரை மாதிரிதான் இருக்கிறது. தினமும் போட்டுக்கொண்டே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர். கடைசியாகச் சொன்னதைப் புராஸ்டேட் தொந்தரவு என்று நினைத்துவிடுவார்கள்! சிறுநீரகத்தில் கல்லும் வரலாம். பிரஷருக்குத் தயசைடு வகை (சிறுநீரை அதிகம் போகவைக்கும்) மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ராத்திரி சிறுநீருக்காக நாலு தடவை எழுந்திருப்பது வைட்டமின் டியால் நிற்குமா? அந்த நம்பிக்கையில் வாங்க வேண்டாம். வைட்டமின் டி பற்றிய அமெரிக்காவின் பெரிய ஆய்வான வைட்டலில் தினம் 2,000 யூனிட் எடுத்த ஆண்களுக்கும் சிறுநீர்க் கசிவு மொத்தத்தில் குறையவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் எலும்புக்காக, டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்கில் வாங்கலாம்.